மார்கழித் தொட்டியில் ஸ்ட்ராபெரி

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய்த் திரும்புகிறவர்களின் காரில் மூன்று பொருள்கள் அநேகமாக இருக்கும்: வீட்டுச் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், கறுப்புப் பையில் ஒரு ஸ்ட்ராபெரிச் செடி. செடி பத்து நாளில் இலையோரம் கருகி, குருத்து காய்ந்துவிடும். "நம்ம ஊர் மண்ணுக்கு இது வராது" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். நானும் அப்படி இரண்டு செடிகளைக் கொன்றிருக்கிறேன். மண்மேல் பழி போட்டது தப்பு என்று பின்னால்தான் புரிந்தது. தொட்டிக்கு மண் போடுவது நாம்தானே! தப்பு மே மாதத்தில் வாங்கியது.

ஸ்ட்ராபெரி பகலின் நீளத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பூக்கிறது. வழக்கமான ரகங்கள் பகல் குறுகும்போது மொட்டு வைக்கும். பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பூவை விட்டுவிட்டு இலையும் கொடியுமாகப் படரும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதாவது ஸ்ட்ராபெரியின் கணக்குப்படி நமக்கு ஆண்டு முழுவதும் குறும்பகல்தான். அப்படியும் இங்கே அது பூக்காமல் இருக்கிறது என்றால் தடுப்பது வெளிச்சம் அல்ல, சூடு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் அது காய்ப்பதற்கு மலைமண்ணைவிட மலையின் குளிர்ந்த இரவுகளே காரணம்.

ஆகவே சமவெளியில் இதை ரோஜா மாதிரி வருஷக்கணக்கில் வைத்திருக்கும் செடியாக நினைக்க வேண்டாம். ஐப்பசிக் கடைசியில் நட்டு, மார்கழி, தை, மாசியில் பறித்து முடிக்கிற பருவப் பயிர் இது. ஓசூர்க்காரர்களுக்கு இது சுலபம். கோவையில் கொஞ்சம் கவனம் வேண்டும். சென்னையில் ஒரு செடிக்குக் கைப்பிடிப் பழம் கிடைத்தாலே நல்ல வருஷம். அதற்கு மேல் ஆசை காட்டும் காணொளிகளை நம்பாதீர்கள்.

விதைப் பொட்டலங்களையும்தான். இணையத்தில் நீல நிற ஸ்ட்ராபெரிக்குக்கூட விதை விற்கிறார்கள். அப்படி ஒரு செடி கிடையாது. உண்மையான விதையே கிடைத்தாலும், அது முளைக்க வாரக்கணக்காகும். முளைத்தது தாயைப் போலக் காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. ஏனென்றால் நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரி ஒரு கலப்பினம். அதன் பெற்றோர் இரண்டு அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை, சந்தித்துக்கொண்டதோ ஐரோப்பாவில்.

1712-இல் பிரெஞ்சு அரசு அமெதே பிரான்சுவா பிரெசியே என்ற ராணுவப் பொறியாளரைச் சிலி நாட்டுக்கு அனுப்பியது. ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்ப்பது அவர் வேலை. அங்கே உள்ளூர் மக்கள் பயிரிட்ட பெரிய ஸ்ட்ராபெரியைப் பார்த்து அசந்துபோனவர், திரும்பும்போது சில செடிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஆறு மாதக் கடற்பயணம். குடிதண்ணீர் அளந்துதான் கிடைக்கும். 1714-இல் ஊர் வந்து சேர்ந்தபோது ஐந்து செடிகள் உயிரோடு இருந்தன. அதில் இரண்டைத் தண்ணீர் கொடுத்து உதவியவருக்கே கொடுத்தார். இன்றைய ஸ்ட்ராபெரியின் கதையிலேயே முதல் செலவு தண்ணீர்தான். அந்த ஐந்தும் பெண் செடிகள் என்பது அவருக்குத் தெரியாது. பூத்தன, காய்க்கவில்லை. பிறகு பக்கத்தில் வட அமெரிக்காவின் சிறு ஸ்ட்ராபெரி வளர்ந்த இடங்களில் மகரந்தம் கிடைத்துக் கலப்புக் கன்றுகள் பிறந்தன. இந்தப் பெற்றோரை 1766-இல் கண்டுசொன்னவர் துஷேன் என்ற பிரெஞ்சு இளைஞர்.

எனவே வாங்க வேண்டியது கன்று. வல்லாரை போலவே ஸ்ட்ராபெரியும் ஓடுதண்டு விட்டுக் கணுவில் வேர் பிடிக்கும். அப்படிப் பிரித்த கன்று தாயின் அச்சு. மகாபலேஸ்வர் விவசாயிகள் நடும் ஸ்வீட் சார்லி, வின்டர் டான், காமரோசா போன்ற ரகங்களை நர்சரியில் கேட்டுப் பாருங்கள்.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டியதில்லை. இதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருப்பதால் ஒரு சாண் ஆழம் போதும். தொட்டிக்காகவே பிறந்த பழச்செடி என்று சொல்லலாம். மண் தொட்டி நல்லது. அதன் சுவரில் நீர் கசிந்து ஆவியாகும்போது பானைத் தண்ணீர் போல வேரும் குளிர்ந்திருக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கைத் தவிருங்கள். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் கலந்தால் நீர் தேங்காது. கத்தரி, தக்காளி, மிளகாய் வைத்திருந்த மண் மட்டும் வேண்டாம். அவற்றைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சை இதையும் விடாது.

நடுகிற கையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இலைகள் எல்லாம் கூடும் கட்டையான கழுத்து ஒன்று உண்டு. அது புதைந்தால் அழுகும். வேர் தெரிகிற அளவுக்கு மேலே நின்றால் காயும். மண்மட்டமும் கழுத்தின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நிலத்தில் நட்டவருக்கு இந்த வசதி கிடையாது.

அடுத்தது உப்பு. உப்பைத் தாங்காத பயிர்களில் ஸ்ட்ராபெரி முன்வரிசை. உவர்ப்பான போர்வெல் தண்ணீரை ஊற்றினால் இலையோரம் பழுப்பாகும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரோ விஷத்துக்குச் சமம், அதில் உப்பு செறிந்திருக்கிறது. நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இதற்கென்று ஒதுக்குங்கள்.

பூ வந்த பிறகு வேடிக்கை தொடங்கும். சிவப்பாகச் சதைப்பற்றோடு இருப்பது தாவரவியல்படி பழமே அல்ல, உப்பிய பூத்தளம். முந்திரிப் பழம் உப்பிய காம்பாக இருப்பது போலத்தான். மேலே ஒட்டியிருக்கிற, நாம் விதை என்று நினைக்கிற பொடிகள்தான் அசல் கனிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. 1950-இல் நிட்ச் என்ற ஆய்வாளர் இளம் காயிலிருந்து அந்தப் பொடிகளை எல்லாம் பிடுங்கிப் பார்த்தார். காய் பெருப்பது நின்றுபோனது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் அதன் அடியில் மட்டும் சதை புடைத்தது. பொடிகளை எடுத்த இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் பூசியபோது மறுபடி உப்பியது. ஒவ்வொரு பொடியும் தன் காலடியைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

மாடித் தோட்டத்தில் பழம் கோணல்மாணலாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மகரந்தம் படாத பக்கத்தில் பொடி வளராது. அந்தப் பக்கம் சதையும் வைக்காது. கொசுத்தேனீ வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராத பால்கனியில், காலை பத்து மணிவாக்கில் மென்மையான ஓவியத் தூரிகையால் ஓரத்து மகரந்தத்தை நடுமேட்டில் சுற்றித் தடவிவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் செய்தால் போதும்.

பூவிலிருந்து பழத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அரைச் சிவப்பில் பறித்து அரிசிப் பானையில் வைத்தால் இது மாம்பழம் மாதிரி பழுக்காது. செடியைவிட்டுப் பிரிந்தபின் நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. காம்படி வரை சிவந்த பிறகு, காலைக் குளிர்ச்சியில், காம்போடு கிள்ள வேண்டும். சின்னான் குருவிக்கும் அணிலுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அவை நம்மைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுகின்றன. வலை கட்டாமல் வழியில்லை.

பங்குனியில் செடி சோரத் தொடங்கும். இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வலை பின்னும். அதோடு மல்லுக்கட்டாமல் செடியை உரக்குழியில் போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். மே மாதம் யாராவது கொடைக்கானல் போனால் எனக்கு சாக்லேட் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.