கபடி போஸ்டர் டூ ஐபிஎல் கிரியேட்டிவ்: சங்கரன்கோவிலில் இருந்து ஸ்போர்ட்ஸ் டிசைனர் ஆக முடியுமா?

கோயில் கொடை சீசன் வந்துவிட்டால் சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஒரே மாதிரி போஸ்டர்கள்தான். 'மாபெரும் கபடி போட்டி' என்று நெருப்புப் பறக்கும் எழுத்து. நடுவில் தொடை தட்டும் வீரர். ஓரத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை. கீழே நன்கொடையாளர்களின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், சில சமயம் முப்பது நாற்பது கூட. இதையெல்லாம் பெரும்பாலும் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் யாரோ ஒரு தம்பி செய்து முடித்திருப்பார்.

அந்தத் தம்பி செய்வதற்குப் பெயர் ஸ்போர்ட்ஸ் டிசைன். என்ன, அவருக்கு அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிண்டுக்குத்தான் விலை. டிசைன் கூடவே ஃப்ரீ. இதே வேலையை ஒரு ஐபிஎல் அணிக்கோ, ஜெர்சி ஸ்பான்சருக்கோ செய்பவருக்குச் சம்பளம், பதவிப் பெயர் எல்லாம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்ன, அதைத் தாண்ட என்ன வேண்டும்? பார்ப்போம்.

இந்த வேலையில் என்னதான் செய்வார்கள்?

ஒரு கிரிக்கெட் அணியின் சமூக வலைதளப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்ச் அன்று காலையில் ஒரு போஸ்டர். டாஸ் போட்டதும் ஒன்று. ஆடும் 11 பேர் பட்டியல், அரைசதம், விக்கெட், முடிவு, ஆட்ட நாயகன். இதெல்லாம் அந்த நேரத்தில் உட்கார்ந்து வரைவது கிடையாது. சீசன் தொடங்கும் முன்பே டெம்ப்ளேட் தயாராக இருக்கும். ஒவ்வொரு வீரரின் படமும் பின்னணி நீக்கி, அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என இரண்டு போஸ்டர் ரெடி. கடைசி ஓவர் முடிந்த நிமிடத்தில் ஸ்கோரை மட்டும் மாற்றிப் போட வேண்டியதுதான். (எங்கள் டெஸ்க்கிலும் மேட்ச் ராத்திரி இதே கதைதான். தோல்வி கார்டு ஜெயித்த அன்று போய்விடக் கூடாதே என்ற பயம் இருக்கிறதே, அது தனி.)

இது வெளியே தெரியும் பாதி. மறுபாதி மார்க்கெட்டிங். ஸ்பான்சர் லோகோ எந்த இடத்தில், எந்த அளவில், யாருக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். ஜெர்சி, டிக்கெட், மைதானத்து விளம்பரப் பலகை, டீ-ஷர்ட், மஸ்காட் எல்லாமே இந்தத் தொழிலுக்குள்தான் வரும். 2021-ல் சிஎஸ்கே ஜெர்சியின் தோளில் ராணுவச் சீருடை வடிவம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? லோகோவுக்கு மேலே 2010, 2011, 2018 கோப்பைகளுக்காக மூன்று நட்சத்திரங்கள் வந்ததும் அப்போதுதான். இரண்டுமே டிசைன் முடிவுகள்தான்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டுக்கு வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'. 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கிக்கு யானை 'பொம்மன்'. 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுக்கு வேலு நாச்சியாரை வைத்து 'வீர மங்கை'. 2025-ல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு 'காங்கேயன்'. பெயரைக் கேட்டாலே எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிகிறது இல்லையா?

ஃபிளெக்ஸ் கடை அனுபவம் உதவுமா?

கண்டிப்பாக உதவும். வேகம் அங்கேதான் வரும். முடி பிசிறாமல் படத்தை வெட்டுவது, பின்னால் நிற்கும் கஸ்டமர் 'இன்னும் கொஞ்சம் பெருசா' என்று சொல்லச் சொல்லத் திருத்துவது, கரன்ட் போவதற்குள் சேவ் செய்வது, இதையெல்லாம் எந்தக் கல்லூரியும் இவ்வளவு நன்றாகச் சொல்லித் தராது.

இடிப்பது மூன்று இடத்தில். முதலாவது, எழுத்து. கடைகளில் இன்னும் பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்கள் ஓடுகின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் தமிழ் காணாமல் போய் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். அணிகளும் ஏஜென்சிகளும் கேட்பது யூனிகோட். அங்கே வேறு ஒரு தொல்லை. ஃபோட்டோஷாப்பில் தமிழ் டைப் செய்தால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். நிறைய பேர் இதனாலேயே பழைய ஃபான்ட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய பதிப்பு என்றால் செட்டிங்ஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று மாற்ற வேண்டும்.

ஃபான்ட்டுக்குக் காசு வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, கேட்டமரான், அனேக் தமிழ் எல்லாம் இலவசம். வணிகப் பயன்பாட்டுக்கும் உரிமம் உண்டு. இதில் அனேக் தமிழை விளையாட்டுக்குத் தனியாகச் சிபாரிசு செய்வேன். எழுத்தின் அகலத்தை ஒடுக்கவும் விரிக்கவும் முடியும். 'ஆட்ட நாயகன்', 'வெற்றி பெற்றது' போன்ற நீளமான சொற்களை ஃபோன் திரைக்குள் அடக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாவது, அடக்கம். கபடி போஸ்டரில் நாற்பது முகம் வைத்தே ஆக வேண்டும், நன்கொடை கொடுத்தவர் கோபித்துக்கொள்வார். ஆனால் ஃபோனில் கட்டைவிரல் நகரும் நேரத்தில் ஒரு விஷயம்தான் கண்ணில் நிற்கும். ஒரு முகம், ஒரு வரி, ஒரு நிறம். மற்றதெல்லாம் சின்னதாக. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. இரண்டு கேப்டன்களின் முகத்தைப் பாதி பாதி ஒட்டி 'இவரா அவரா' என்று போடும் போஸ்டர் ஐபிஎல்-லில் அடிக்கடி வரும். ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள் என்று ஒரே உருவத்தில் இரண்டு தரப்பையும் நிறுத்திய சங்கரநாராயணர் கோயில் உள்ள ஊரில் அந்த ஐடியாவை யாரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஃபைல் ஒழுங்கு. பிரிண்டுக்கு சிஎம்ஒய்கே, ஃபோனுக்கு ஆர்ஜிபி. இன்ஸ்டா போஸ்ட்டுக்கு 1080-க்கு 1350 பிக்சல், ஸ்டோரிக்கு 1080-க்கு 1920. ஆஃப்செட்டுக்கு 300 டிபிஐ. லேயருக்குப் பெயர் வையுங்கள். நாளைக்கு உங்கள் ஃபைலைத் திறந்து ஸ்கோர் மாற்றப்போவது வேறு ஒருவராக இருக்கலாம்.

கூகுளில் இருந்து படம் எடுத்தால் என்ன ஆகும்?

ஊர்ப் போஸ்டரில் யாரும் கேட்பதில்லை என்பதால் பழகிவிட்ட பழக்கம் இது. கேட்கும் இடத்தில் இந்தப் பழக்கம் வேலையைக் காலி செய்துவிடும். வீரரின் புகைப்படத்துக்கு எடுத்தவரோ ஏஜென்சியோ உரிமையாளர். லீக் லோகோவை வைத்துக் கடை விளம்பரம் செய்தால் வக்கீல் நோட்டீஸ் வரலாம்.

சந்தேகம் எழுந்தாலே எவ்வளவு பெரிய இடத்திலும் கதை முடிந்துவிடும். 2015 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்தை வெளியிட்டார்கள். பெல்ஜியத்தில் லீஜ் நகர நாடக அரங்கின் லோகோ மாதிரியே இருக்கிறது என்று அதை வரைந்தவர் கிளம்பினார். ஜப்பான் டிசைனர் காப்பி இல்லை என்று மறுத்தார். ஆனாலும் செப்டம்பர் 1-ம் தேதி சின்னம் வாபஸ். அடுத்த ஆண்டு வேறு ஒருவரின் சின்னம் தேர்வானது.

போர்ட்ஃபோலியோ எப்படி உருவாக்குவது?

வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோதான். பலரும் செய்யும் தப்பு, தோனி, கோலி படத்தை வைத்துப் பத்து போஸ்டர் செய்து ஏற்றுவது. அதே படத்தை அதே மாதிரி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

உங்களிடம் மட்டுமே இருப்பது உள்ளூர் மைதானம். பக்கத்து ஊரின் கபடி அணி ஒன்றைப் பிடியுங்கள். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர், பஸ் ஏறினால் வந்துவிடும். அனுமதி கேட்டு நீங்களே ஃபோனில் படம் எடுங்கள், உரிமைப் பிரச்சினையே இல்லை. அந்த அணிக்கு லோகோ, இரண்டு நிறம், ஒரு ஜெர்சி, போட்டி நாள் போஸ்டர், முடிவு கார்டு என்று ஒரு முழு சீசனுக்கும் செய்யுங்கள். சம்பந்தமில்லாத முப்பது போஸ்டரைவிட இப்படி ஒரே அணிக்கு ஒரே பாணியில் செய்த பத்து போஸ்டர் அதிகம் பேசும். நெல்லை ராயல் கிங்ஸ், தமிழ் தலைவாஸ் அணிகளின் பக்கங்களைப் பார்த்து, நிறத்தையும் எழுத்தையும் எப்படி மாற்றாமல் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி அச்சகங்கள் இருப்பது கூடுதல் வசதி. டிசைன் அச்சில் ஏறும்போது நிறம் எப்படி மங்குகிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

இந்திய கிரிக்கெட் அணிக்கு அடிடாஸ் 2023-ல் கொண்டு வந்த ஜெர்சிகளை வடிவமைத்த டெல்லிக்காரர் ஆகிப் வானி, ஒரு ராக் இசைப் பத்திரிகையில் டிசைன் செய்து வந்தவர். விளையாட்டுக்குள் நுழைய விளையாட்டு வேலைதான் செய்திருக்க வேண்டும் என்று இல்லை.

காசு விஷயத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

1971-ல் நைக்கியின் அந்த டிக் மார்க் லோகோவை வரைந்த மாணவி கரோலின் டேவிட்சன் வாங்கியது 35 டாலர். 1983-ல் கம்பெனி கூப்பிட்டுப் பங்குகள் கொடுத்தது உண்மைதான். எல்லா கம்பெனியும் திரும்பக் கூப்பிடாது.

எனவே வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை டிசைன், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம், என்றைக்கு. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். மாதச் சம்பளத்தில் செய்த வேலை பொதுவாக முதலாளிக்குச் சொந்தம்.

ஃப்ரீலான்ஸ் என்றால் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். 'சீசன் முடியட்டும் தம்பி' என்று இழுப்பவர்களிடம் இதைச் சொல்லலாம். 'ஜெயிக்கும் டிசைனுக்கு மட்டும் பணம்' என்ற போட்டிகளில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேலை தரப் பணம் கட்டச் சொன்னால் அது வேலையே இல்லை.

முக்கியமாக ஒன்று. இன்ஸ்டாவிலும் டெலிகிராமிலும் 'கிரிக்கெட் போஸ்டர் டிசைனர் தேவை' என்று வருவதில் சில பெட்டிங் ஆப்களுக்கானவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது. விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் வந்ததும்தான் ட்ரீம்11 இந்திய அணியின் ஜெர்சியில் இருந்து விலகி, அப்பல்லோ டயர்ஸ் வந்தது. கூடுதல் காசு தருகிறோம் என்று கூப்பிட்டால், யாருக்கான விளம்பரம் என்று முதலில் கேளுங்கள்.

எங்கே படிக்கலாம்?

டிகிரி கட்டாயம் இல்லை. (தமிழ் பி.ஏ. படித்துவிட்டு நான் செய்தித் தளத்தில் இருக்கிறேனே.) படிக்க விரும்பினால், சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. 1850-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனில் பி.எஃப்.ஏ. படிக்கலாம், அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. பல கலைக் கல்லூரிகளில் விஸ்காம் உண்டு, ஆனால் சிலவற்றில் சினிமா, டிவிதான் அதிகம். சேரும் முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

சாஃப்ட்வேர் வாங்க வசதி இல்லையென்றால் ஃபோட்டோபீ, கிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம். ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும், பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும்.

பெரிய கல்லூரி ஆசை இருந்தால், ஐஐடிகளில் பி.டிசைன் சேர யூசீட் தேர்வு எழுத வேண்டும். ஐஐடி பாம்பே நடத்துகிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் எழுதலாம், காமர்ஸ் மாணவரும் சரி, வொகேஷனல் மாணவரும் சரி. வரைதல் கேள்வியும் உண்டு. கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் இரண்டு முறை எழுதலாம். விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும், தேர்வு ஜனவரியில் நடக்கும்.