சாஃப்ட்வேருக்கும் உண்டு வெண்டார் பார்ட்ஸ்... அதில் ஒன்று பழுதானால்?

அதிகாலையில் வாலாஜாபாத்தில் நின்று பார்த்தால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வண்டலூர் சாலையில் போவது தெரியும். கழுத்தில் ஐ.டி கார்டு, காலில் சேஃப்டி ஷூ. ஏறுபவர்களில் ஒருவர் சீட் செய்வார், இன்னொருவர் வயரிங், மற்றொருவர் கண்ணாடி. எல்லாம் ஒரே அசெம்ப்ளி லைனில் சேர்ந்தால்தான் அது கார்!

சாஃப்ட்வேரும் இப்படித்தான். உங்கள் போனில் இருக்கும் ஆப்பை எந்தக் கம்பெனியும் முழுக்கத் தானே எழுதுவதில்லை. யாரோ எழுதி, பெரும்பாலும் இலவசமாகக் கொடுத்த ரெடிமேட் பாகங்களை எடுத்துக் கோக்கிறார்கள். அடிப்படைக் கட்டுமானத்துக்கு ஃப்ரேம்வொர்க் என்று பெயர். அது நம்பியிருக்கும் வெளிப் பாகங்கள், டிபெண்டன்சி.

அந்தப் பாகத்தில் ஓட்டை இருந்தால்?

உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நம்மூர் ஸோஹோவின் 'மேனேஜ்இன்ஜின்' மென்பொருள்களை வைத்துத்தான் உலகின் பல நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க, 'அப்பாச்சி சான்டுவாரியோ' என்ற இலவசப் பாகம் அவற்றில் இருந்தது. அதுவும் பழைய பதிப்பு. ஒரே லாக்-இன்னில் எல்லாவற்றுக்குள்ளும் நுழையும் வசதியை ஆன் செய்திருந்த இடங்களில், பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் உள்ளே புகுந்துவிட முடியும். ஒரு பாகம் பழசானதால் 20-க்கும் மேற்பட்ட மென்பொருள்களில் ஒரே ஓட்டை!

2022 அக்டோபர், நவம்பரிலேயே ஸோஹோ திருத்தம் கொடுத்துவிட்டது. ஆனாலும், 2023 ஜனவரியில் விமானத் துறை நிறுவனம் ஒன்றுக்குள் இதே வழியாக ஹேக்கர்கள் புகுந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு அமைப்புகள் இதை வெளியிட்டன. மருந்து வந்துவிட்டது, யாரோ சாப்பிடவில்லை.

ஒரகடத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, 'வான்னாக்ரை' வைரஸ் உலகத்தையே உலுக்கியது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலர் கேட்கும். அதில் ஒரகடம் ரெனால்ட்-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. இது வெளிப் பாகத்தின் பழுது அல்ல, விண்டோஸில் இருந்த ஓட்டை. ஆனால் கதை அதேதான். மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே திருத்தம் வெளியிட்டிருந்தது.

'அப்புறம் ஏன் போடவில்லை?' என்று கேட்பது சுலபம். வீட்டு லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் ரீஸ்டார்ட் செய்யலாம். மூன்று ஷிஃப்ட் ஓடும் லைனில் மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரை அப்படி நிறுத்த முடியாது. மெஷின் விற்றவர் சரிபார்க்காமல் கைவைத்தால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகலாம். லைன் நின்றால் நஷ்டம் கார் கம்பெனியோடு போகாது. சீட் செய்பவருக்கும் வயரிங் செய்பவருக்கும் அன்றைக்கு ஆர்டர் இருக்காது.

இன்னொரு சிக்கல், எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாதது. காரில் ஏர்பேக் பழுது என்றால், பேட்ச் நம்பரைப் பார்த்து வண்டிகளைத் திரும்ப அழைத்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் 'லாக்ஃபார்ஜே' என்ற பாகத்தில் ஓட்டை வெளிப்பட்டபோது அப்படி முடியவில்லை. சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் சின்னப் பாகம்தான் அது. ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10. தங்களிடம் அது இருக்கிறதா என்று தேடவே பல நிறுவனங்கள் நாள்கணக்கில் அலைந்தன.

இதற்காகத்தான் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சாஃப்ட்வேர் விற்பவர், உள்ளே இருக்கும் பாகங்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. பிஸ்கட் பாக்கெட்டில் பார்க்கிறோமே, அதுபோல. ஒரகடம் பக்கம் சின்னதாக யூனிட் நடத்துபவர்களும் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கும்போது இந்தப் பட்டியலைக் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 'அப்டேட் தயார்' என்று போன் சொல்லும்போது 'பிறகு' என்பதை அழுத்தாமல், இரவு சார்ஜில் போட்டுவிட்டு ஓகே கொடுத்துவிடுங்கள்.