22 ஆண்டுகள் கழித்து இரண்டாவது ஆல்பம்

பிரிந்துபோன பங்க் ராக் குழு மீண்டும் கூடினால், பழைய புகழைக் காசாக்க வந்துவிட்டார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பும். பழைய பாடல்களை மட்டும் மேடையில் வாசித்துவிட்டுப் போகும் குழுக்களுக்கு அது பொருந்தலாம். புதுப் பாடல்களோடு ஸ்டுடியோவுக்குள் நுழைகிறவர்களையும் அப்படி ஒதுக்குவது நியாயமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1979-இல் தொடங்கிய மிஷன் ஆஃப் பர்மா குழுவைப் பாருங்கள். 1982-இல் 'வெர்சஸ்' என்ற ஒரே முழு ஆல்பம். மறு ஆண்டே குழு கலைந்தது. முக்கியக் காரணம், கிதார் கலைஞர் ராஜர் மில்லரின் காதுக்குள் ஓயாமல் கேட்ட இரைச்சல். மேடையின் பேரொலி அதை மேலும் மோசமாக்கியது. 2002-இல் குழு மீண்டும் கூடியபோது, துப்பாக்கி சுடும் இடங்களில் அணிவது போன்ற காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டுதான் அவர் வாசித்தார். இவ்வளவு தற்காப்போடு மேடையேறுகிறவரை இழுத்துவந்தது பணம் மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பங்க் என்பது இளமையின் கோபம், நடுவயதில் அது எடுபடுமா என்றும் கேட்பார்கள். 2004-இல் வந்த 'ஆன்ஆஃப்ஆன்' ஆல்பத்தில் சில பாடல்கள் பழைய நாட்களில் உருவானவை என்பது உண்மைதான். ஆனால் குழு அந்தக் கையிருப்போடு நின்றுவிடவில்லை. 2006, 2009, 2012 என்று அடுத்தடுத்து மூன்று ஆல்பங்கள் வந்தன. இளமையில் ஒன்று, மறுகூடலுக்குப் பின் நான்கு.