நிழலில் பார்த்தால்தான் இலை நிறம் சரி: நெல்லுக்கு யூரியா இடும் முன் கவனிக்க வேண்டியவை

கடந்த தாளடியில் கோவில்பத்துப் பக்கம் ஒரே வயலை அண்ணன், தம்பி இருவரும் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்தார்கள். அண்ணன் காலை எட்டரை மணிக்குப் பார்த்துவிட்டு, "நாலு இருக்கு, இந்த வாரம் உரம் வேண்டாம்" என்றார். தம்பி மதிய வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு, "மூணுதான் இருக்கு, யூரியா மூட்டையைப் பிரிக்கணும்" என்றார். என்னை அழைத்துக் கேட்டார்கள்.

மறுநாள் காலை மூவரும் வயலில் இறங்கினோம். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, எங்கள் நிழலிலேயே 10 இலைகளைப் பார்த்தோம். ஏழு இலைகள் 4-ஆம் பட்டைக்குக் குறையவில்லை. அந்த வாரம் உரம் தேவைப்படவில்லை. அட்டையில் குறை இல்லை. பார்த்த வெளிச்சம்தான் வேறு.

ஆண்டுதோறும் பார்வதீஸ்வரர் கோயிலில் விதைத்தெளி உற்சவம் நடத்தும் ஊர் கோவில்பத்து. விதைப்பில் காட்டும் அதே அக்கறையை மேலுரத்திலும் காட்ட வேண்டும். தழைச்சத்து தேவைக்கு மேல் போனால் புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் பெருகும். பயிர் கொழுத்து மழைக்காற்றில் சாயும். குறைந்தால் தூர் குறையும், மகசூலும் குறையும்.

நிறத்தைப் பார்த்து உரம் இடுவது எப்படி?

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அது உருவாகத் தழைச்சத்து தேவை. எனவே நிறம் வெளுத்தால் பயிர் தழைச்சத்து கேட்கிறது என்று பொருள். வெறுங்கண்ணால் பார்த்தால் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் கணிப்பு மாறும். அதனால்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிட அட்டை தருகிறோம்.

நட்ட வயலில் 14-ஆம் நாளிலிருந்தும், நேரடி விதைப்பில் 21-ஆம் நாளிலிருந்தும் வாரம் ஒருமுறை, கதிர் வெளிவரும் வரை பாருங்கள். வயலில் பரவலாக, நோய் தாக்காத 10 குத்துகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் முழுவதும் விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வையுங்கள். இலையைக் கிள்ள வேண்டாம்.

வெள்ளைப் பொன்னிக்கு எல்லை எண் 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம் இடுங்கள். சம்பா, தாளடியில் ஒருமுறைக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து போதும். யூரியாவாகக் கணக்கிட்டால் ஏக்கருக்கு சுமார் 26 கிலோ, மாவுக்கு சுமார் 9 கிலோ. குறுவையில் எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு சுமார் 31 கிலோ யூரியா.

வெளிச்சம் எங்கே ஏமாற்றும்?

உச்சிவெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. அந்த வெயிலில் இலை பளபளக்கும். பளபளப்பு கண்ணில் படும்போது பச்சை வெளிறித் தெரியும். தம்பிக்கு நேர்ந்தது இதுதான். மர நிழலும் வேண்டாம். இலைகளின் ஊடே வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். நிறக் குடையும் அப்படியே. உங்கள் உடல் நிழலே போதும். காலை 8 முதல் 10 மணிக்குள், ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில், அதே ஆள் பார்ப்பது நல்லது. பனி ஈரம் இருந்தால் இலையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "யூரியா போடலாமா சார்?" என்று பலர் கேட்கிறார்கள். கைபேசி கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும். படத்தை மட்டும் பார்த்து அளவு சொல்ல முடியாது.

அட்டையையும் சோதியுங்கள்

எடைக்கல் தேய்ந்தால் நிறுவை தப்பும். அட்டையும் அப்படித்தான். ஜன்னலிலும் வண்டியிலும் வெயில் படக் கிடந்தால் பட்டைகள் வெளுக்கும். வெளுத்த 4-ஆம் பட்டையோடு ஒப்பிட்டால் பசித்த இலையும் பச்சையாகவே தெரியும். உரம் தேவைப்படும் வாரத்தில் போடாமல் விட்டுவிடுவோம். அட்டையை உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். பருவத் தொடக்கத்தில் புதிய அட்டை ஒன்றோடு நிழலில் ஒப்பிடுங்கள். நிறம் மாறியிருந்தால் புதியது வாங்குங்கள். சில அட்டைகளில் 4 பட்டை, சிலவற்றில் 6 பட்டை இருக்கும். எத்தனையாவது பட்டை என்று எண்ணாமல், அதில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்.

ஆராய்ச்சி நிலையங்களில் எஸ்பேட் என்ற பச்சையமானி பயன்படுகிறது. அது இலை வழியாக 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தும். பச்சையம் சிவப்பை விழுங்கும், அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டையும் ஒப்பிட்டு எண் காட்டும். கருவிக்குள்ளேயே விளக்கு இருப்பதால் வெயில் பிரச்சினை குறைவு. ஆனாலும் கருவியைப் போட்டவுடன் இலை வைக்காமல் ஒருமுறை மூடி அளவைச் சரிசெய்த பிறகே அளக்க முடியும். விலை உயர்ந்த கருவிக்கே இந்தச் சோதனை வேண்டும் என்றால், நம் அட்டைக்கு வேண்டாமா?

அட்டை சொல்லாதது

கடைமடையில் உப்பு நீர், வடியாத தண்ணீர், துத்தநாகக் குறை ஆகியவற்றாலும் இலை மஞ்சளாகும். அட்டை அதைப் பிரித்துச் சொல்லாது. வயலில் திட்டுத்திட்டாக மஞ்சள் தெரிந்தால் யூரியா வீசும் முன் வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள்.

அந்தச் சகோதரர்கள் அடுத்த வாரமும் அதே நேரத்தில் சேர்ந்து பார்த்தார்கள். எட்டு இலைகள் 4-க்குக் கீழே இறங்கியிருந்தன. தண்ணீரை வடித்துவிட்டு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா இட்டார்கள். நீங்களும் அடுத்த முறை அட்டையை எடுக்கும்போது முதலில் சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்.