வெங்காயம் நறுக்கும் கைகள்

ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு அருகே இருக்கிறது கலிம்னோஸ். கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்த பாறைத் தீவு. ஓட்டோமான்கள், இத்தாலியர்கள் என ஆட்சி கைமாறி, 1948இல்தான் முறைப்படி கிரேக்கத்தோடு இணைந்தது. இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இங்கே நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அந்த மக்கள் அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் சட்டனிடம் சொன்னார்கள். உபசாரப் பேச்சுதானே என்று அவர் விட்டுவிடவில்லை. உணவுக்கும் நினைவுக்கும் உள்ள உறவைப் பற்றி 2001இல் ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து போகும் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன எவரும் சட்டென்று உணர்வார்கள்.

ஐரோப்பாவில் உணவும் அடையாளமும் என்றாலே பேச்சு வழக்குமன்றத்துக்குப் போய்விடும். ஃபெட்டா சீஸ் என்ற பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவுசெய்தது. ஜெர்மனியும் டென்மார்க்கும் எதிர்த்து வழக்காட, 2005இல் நீதிமன்றமும் கிரேக்கத்தின் பக்கமே நின்றது. முக்கியமான வழக்குதான். ஆனால் பெயர்ப் பதிவேட்டில் ஏறாத ஒன்றைச் சட்டன் கவனித்தார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் வீடியோ கேமராவோடு கலிம்னோஸ் வீடுகளின் சமையல்கட்டுக்குள் போனார். அங்கே பெண்கள் பலகையில் வைத்து நறுக்குவதில்லை. உட்கார்ந்தபடி வெங்காயத்தைக் கையில் பிடித்து, சிறு கத்தியால் கீறி, பெருவிரலை நோக்கி இழுத்து அரிகிறார்கள். ஓட்டல் சமையல்காரருக்கு இது மெத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்த முறைக்கு மேடை வேண்டாம். எதிரே இருப்பவரின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை நடக்கும்.

அந்தத் தீவில் வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். அதனால் அடுப்படி யார் கையில் என்ற இழுபறி மாமியாருக்கும் மருமகளுக்கும் அல்ல, பெற்ற தாய்க்கும் மகளுக்கும் நடக்கிறது. கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் மகள் எடுபிடி வேலையிலேயே நிற்பதுண்டு. தாய் கரண்டியை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. 'பாரம்பரியம்' என்று நாம் மென்மையாகச் சொல்லிக் கடக்கும் சொல்லுக்குள் இவ்வளவு அதிகாரப் போட்டி இருப்பதை, 2014இல் வெளிவந்த, சமையலைப் பற்றிய சட்டனின் நூல் ஒளிக்காமல் காட்டுகிறது.

தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. பெண்கள் பார்க்கிறார்கள், குறை சொல்கிறார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஈஸ்டருக்கு மட்டும் பழைய முறைதான்: அரிசி அடைத்த ஆட்டுக்குட்டியை மண்பானையில் வைத்து, முந்தின இரவே அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள்.