வயலுக்குச் செல்லும் தூக்கில் மூன்று வகை உணவு

விளைந்த பயறு முழுவதும் மூட்டையாகச் சந்தைக்குப் போய்விட, அதை விளைவித்த குடும்பம் சோறும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு களையெடுக்கச் செல்வது பல ஊர்களில் காணும் நிலையாகும். பாலும் முட்டையும்கூட அவ்வாறே விலையாகிவிடுகின்றன.

இதன் விளைவு முதலில் பெண்களிடம் தெரிகிறது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தசோகை உள்ளவர்களுக்குச் சிறிது நேர வேலையிலேயே களைப்பும் மூச்சு வாங்குதலும் ஏற்படும். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருப்பதால், பகல் உணவைச் சத்துள்ளதாகக் கட்டிச் செல்வது மிகவும் அவசியம்.

மூன்று அடுக்கு, மூன்று வகை

ஜப்பானியர் 'பெந்தோ' என்னும் மதிய உணவுப் பெட்டியில் சோறு, மீன் அல்லது முட்டை, காய்கறி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக் கட்டுவர். எந்த வகை குறைகிறது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். நம் அடுக்குத் தூக்கிலும் இம்முறையைக் கையாளலாம்.

முதல் அடுக்கு தானியம். நாள்தோறும் அரிசியே வேண்டும் என்பதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகுக் களியோ கம்பஞ்சோறோ எடுத்துச் செல்லலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு.

இரண்டாம் அடுக்கு பயறு அல்லது பருப்பு. அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பின் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. மூன்று ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்குப் பருப்பு என்பது நல்ல அளவு. சுண்டல், கூட்டு, துவையல் என எவ்வகையிலும் செய்யலாம். இடையிடையே அவித்த முட்டை அல்லது மீன் சேர்ப்பது நல்லது.

மூன்றாம் அடுக்கு கீரை அல்லது காய். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேர, உண்ணும்போது சிறிது எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ள வேண்டும். உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

கெடாமல் எடுத்துச் செல்ல

1. காலையில் சமைத்ததை நான்கு மணி நேரத்திற்குள் உண்ணவேண்டும். மீந்த சோற்றை நீரூற்றாமல் இரவு முழுவதும் வெளியில் வைத்திருந்து மறுநாள் கட்டக்கூடாது. அதில் உண்டாகும் ஒருவகை நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை.

2. தேங்காய்ச் சட்னி வெயிலில் விரைவில் கெடும். கோடையில் பருப்புத் துவையல், புளிசோறு ஆகியவை ஏற்றவை.

3. புளி, மோர் சேர்ந்த உணவுக்கு அலுமினியப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் தூக்கே நல்லது.

4. தூக்கை நிழலில் வைக்கவேண்டும். மருந்து தெளிக்கும் நாளில் வயலருகே வைக்கலாகாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்னரே உண்ணவேண்டும். காலியான மருந்து டப்பாவை எவ்வளவு கழுவினாலும் குடிநீர் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

வயலிலிருந்தே தூக்குக்கு

நெல் வயலின் வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு விதைக்கலாம். காவிரிப் பகுதியில் சம்பா அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்பு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளிப்பது வழக்கத்தில் உள்ள முறை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். காய் இல்லாத நாளில் கீரை உண்டு. வீட்டுக் கழிவுநீர் பாயும் ஒரு சென்ட் நிலத்தில் கீரை, கத்தரி, வெண்டை, அவரை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடலாம்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் பருப்பு என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கிலோ தேவை. விளைந்த பயற்றை மொத்த விலைக்கு விற்றுவிட்டு, அதையே பருப்பாகச் சில்லறை விலைக்கு வாங்குவது நட்டமாகும். கையில் காசில்லாத மாதத்தில் வாங்குவதும் நின்றுபோகும். தூக்கில் மீண்டும் ஊறுகாய்தான் மிஞ்சும்.

எனவே களத்திலேயே வீட்டுப் பங்கை முதலில் அளந்து, நன்கு காயவைத்துச் சேமித்த பிறகு மீதியை விற்பனைக்கு அனுப்புதல் வேண்டும். கட்டும்போது வீட்டுப் பெண்களின் தூக்கிலும் மற்றவர்க்கு வைத்த அளவே பருப்பும் கீரையும் இருத்தல் வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பதற்கும் இதே முறை பொருந்தும்.