கூச்சமும் இரண்டு சோதனைகளும்

தேசியத்தையும் சாதியையும் பெண்விடுதலையையும் நாம் ஓயாது விவாதித்து வந்திருக்கிறோம். மலத்தைப் பற்றிப் பேச மட்டும் எமக்குக் கூச்சம். பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை இக்கூச்சம் உயிரைக் குடிக்கக்கூடியது.

ஜேர்மனியில் 2025 ஏப்ரல் முதல், 50 வயதான ஆண் பெண் இருபாலாரும் இரண்டிலொன்றைத் தெரிவு செய்யலாம்: இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மலச்சோதனை, அல்லது குறைந்தது 10 ஆண்டு இடைவெளியில், ஆகக்கூடியது இருமுறை, கொலனோஸ்கோப்பி. செலவைப் பொதுக் காப்புறுதி ஏற்கிறது.

கொலனோஸ்கோப்பியில் கமெரா பொருத்திய வளையும் குழாய் பெருங்குடல் முழுவதையும் காட்டும். பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய பொலிப் எனும் சதை வளர்ச்சிகளை அப்போதே அகற்றிவிடலாம். ஆனால் முதல்நாள் பேதிமருந்து குடிக்கவேண்டும். மயக்கமருந்து ஏற்றினால் அன்று வாகனம் ஓட்டமுடியாது. அரிதாக இரத்தப்பெருக்கோ குடலில் துளையோ ஏற்படலாம். மலச்சோதனைக்கு வீட்டிலேயே சிறு குழாயில் மாதிரி எடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது கண்டுபிடிக்கும். இரத்தம் கசியாத பொலிப்பை அது தவறவிடும். ஆகவேதான் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கிறது.

அப்படியானால் கொலனோஸ்கோப்பிதானே சிறந்தது? 2025இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று இவ்விரண்டையும் ஒப்பிட்டது. கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டோரில் சுமார் 32 வீதமானோரும் மலச்சோதனைக்கு அழைக்கப்பட்டோரில் சுமார் 40 வீதமானோரும் பங்கேற்றனர். பத்தாண்டுகளில் இந்நோயால் இறந்தோர் முறையே 0.22, 0.24 வீதம், குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. கூர்மையான சோதனையும் செய்யாதவரைக் காப்பாற்றாது.

ஆனால் ஒரு நிபந்தனை. மலச்சோதனையில் இரத்தம் தெரிந்தால் கொலனோஸ்கோப்பி செய்தே ஆகவேண்டும். 'மூலவியாதிதானே' என்று எம்மவர் தட்டிக்கழிப்பது இவ்விடத்தில்தான். மலத்தில் இரத்தத்தைக் கண்ணாலேயே கண்டவரும் காரணமின்றி மெலிபவரும் இந்தத் தெரிவுக்கு உரியவர்களல்லர். உடனே வைத்தியரிடம் போகவேண்டும். பெற்றோருக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்தவர், 50 வயது வரும்வரை காத்திராமல் வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

எனக்குத் தந்த குழாய் எட்டு மாதம் மேசை லாச்சிக்குள் கிடந்தது. தொழிற்சாலையில் இரவுவேலை என்று சாட்டுச் சொன்னேன். உண்மையில், வைத்தியரிடம் மகளை அழைத்துச்சென்று இதை மொழிபெயர்க்க வைக்க, ஒருகாலத்தில் விரிவுரையாளனாயிருந்த என் மானம் இடங்கொடுக்கவில்லை. கடைசியில் அவளே கேட்டாள். மாதிரியைக் கொடுத்தேன், இரத்தமில்லை என்று முடிவு வந்தது. இரண்டு ஆண்டில் மறுபடியும் கொடுக்கவேண்டும். உங்கள் லாச்சியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.